எல்லைப்புற மக்கள் கண்ட சுல்தான்

(கழகத்தின் வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாம் எடுத்துக்கொண்ட பொருள் உங்களுள் சிலருக்கு வியப்பைத் தரலாம். துருக்கிய சுல்தானுக்கும் நம் விழாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்கத் தோன்றும். நம்மில் பலருக்கு அந்தச் சுல்தானோடு உள்ள தொடர்பு பள்ளிப் பாடநூலின் ஒரே ஒரு வாக்கியந்தான். 1453ஆம் ஆண்டில் துருக்கியர் கான்ஸ்டாண்டிநோபிளைக் கைப்பற்றினர். அதனால் நிலவழி அடைபட்டது. ஐரோப்பியர் இந்தியாவுக்குக் கடல்வழி தேடினர் என்று மனப்பாடம் செய்து மதிப்பெண் பெற்றோம். அந்த வாக்கியமும் முழு உண்மையன்று. நம் நாட்டு மிளகு வெனிசு நகருக்குச் சென்றது பெரும்பாலும் எகிப்து, சிரியா வழியாக. அவ்விரு நாடுகளும் 1516, 1517ஆம் ஆண்டுகளில்தாம் துருக்கியர் கைக்குச் சென்றன. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தது அதற்கும் முன்னே, 1498இல். ஒரு வாக்கியத்திலேயே இத்துணைப் பிழை இருக்குமாயின், ஓர் அரசனைப் பற்றிய முழு நூலில் எத்துணை இருக்கும்?

அண்ணல் அம்பேத்கர் பாகிஸ்தான் கோரிக்கையைப் பற்றி எழுதிய நூலில், துருக்கியப் பேரரசு எவ்வாறு துண்டு துண்டாகச் சிதறியது என்பதை ஆராய்ந்திருக்கிறார். அண்ணல் பார்த்தது அப்பேரரசின் முடிவை. நாம் இன்று பார்க்கப்போவது அது எழுந்த காலத்தை; அதிலும் ஒரே ஒரு சுல்தானை; அவனையும் அரண்மனையில் நின்று பாராமல், எல்லையில் வாழ்ந்த குடிமக்களும் அயல்நாட்டாரும் எவ்வாறு கண்டனர் என்பதை.

அவன் பெயர் இரண்டாம் மெஹ்மத். முகம்மது என்னும் பெயரின் துருக்கிய வடிவம் அது. 1432இல் எதிர்னே நகரில் பிறந்தான். பன்னிரண்டு வயதில் ஒருமுறை அரியணையில் அமர்த்தப்பட்டு இறக்கப்பட்டான். 1451இல் மீண்டும் ஏறினான். 1453 மே 29ஆம் நாள் கான்ஸ்டாண்டிநோபிளை வென்றபோது வயது இருபத்தொன்று. 1481 மே 3ஆம் நாள் இறக்கும்வரை ஏறத்தாழ ஓயாது போரிட்டான். தாய் அடிமைப் பெண்ணாக அரண்மனைக்கு வந்தவள் என்பதே வரலாற்றாசிரியர் பெரும்பாலோர் கருத்து. அடிமையின் வயிற்றில் பிறந்தமை அங்கே அரியணைக்குத் தடையாக இருந்ததில்லை. இதைச் சொன்னவுடன் உங்கள் முகங்களில் ஒரு மலர்ச்சி தெரிகிறது. சற்றுப் பொறுங்கள். அதே அரண்மனையில், அவன் பட்டமேறியவுடன், கைக்குழந்தையாக இருந்த தம்பி கொல்லப்பட்டான். அரசுரிமைக்குப் போட்டி வாராதிருக்க உடன்பிறந்தாரைக் கொல்லலாம் என்னும் விதி அவன் சட்டத் தொகுப்பிலேயே காணப்படுகிறது.

முதலில் இரண்டு கிரேக்கர்களைப் பார்ப்போம். இருவரும் ஒரே மொழியினர், ஒரே சமயத்தினர், ஒரே தலைமுறையினர். இருவரும் ஈஜியன் கடற்பகுதியைச் சேர்ந்தவர்கள். ஒருவர் துக்காஸ். லெஸ்போஸ் தீவை ஆண்ட ஜெனோவா மரபுக் குறுநிலக் குடும்பத்தாரிடம் பணியாற்றியவர். தம் தலைவர்களுக்காக ஆண்டுக் கப்பம் 3,000 பொற்காசைச் சுமந்துகொண்டு சுல்தானின் அவைக்குச் சென்றவர். அங்கே கைகட்டி நின்றவர், வீடு திரும்பி எழுதும்போது அவனைக் கொடுங்கோலன் என்றும், குருதி குடிக்கும் விலங்கு என்றும், உலக முடிவில் வரவிருக்கும் கிறித்துவின் பகைவனுக்கு முன்னோடி என்றும் எழுதினார். 1462இல் லெஸ்போஸ் முற்றுகையிடப்பட்ட செய்தியை அவர் எழுதிக்கொண்டே வருகையில், நூல் ஒரு வாக்கியத்தின் நடுவிலேயே நின்றுவிடுகிறது.

மற்றவர் இம்ப்ரோஸ் தீவின் கிரித்தோபூலோஸ். தலைநகர் வீழ்ந்த செய்தி தீவுக்கு எட்டியதும் மக்கள் படகேறி ஓட முற்பட்டனர். இவர் அவர்களைத் தடுத்துச் சுல்தானின் அதிகாரிகளுக்குத் தூதும் பரிசும் அனுப்பி, இம்ப்ரோசும் அருகிலிருந்த இலெம்னோஸ், தாசோஸ் தீவுகளும் சண்டையின்றிப் பணிய வழிசெய்தார். தீவு கொள்ளையிடப்படவில்லை. இவரே பின்னர் அதன் ஆளுநரானார். பழைய கிரேக்க வரலாற்றாசிரியர்களின் நடையில் சுல்தானின் வரலாற்றை எழுதி அவனுக்கே காணிக்கையாக்கினார். அவர் கைப்பட எழுதிய படி இன்றும் இஸ்தான்புல் தோப்காப்பி அரண்மனை நூலகத்தில் இருக்கிறது. அந்நூலில் சுல்தான் அறிவுத் தாகமுடையவன், கிரேக்கரிடம் அன்புடையவன். டிராய் நகரின் இடிபாடுகளுக்கிடையே நின்று பழைய வீரர்களின் கல்லறைகளைப் பற்றிக் கேட்டவன்.

இவருள் எவர் பொய்யர்? ஒருவரைக் கூலிக்கு எழுதியவர் என்றும் மற்றவரை மானமுள்ளவர் என்றும் தள்ளிவிடுவது எளிது. நாம் அவ்வாறு கருதவில்லை. கிரித்தோபூலோஸ் புகழ்ந்தார் என்பது மெய். ஆனால் அந்தப் புகழ்ச்சியின் நடுவே, நகரம் வீழ்ந்தது தம் இனத்தின் இழிவால் அன்று, எல்லாப் பேரரசுகளும் மாறி மாறி வருவனவே என்று தம் மக்களுக்காக வாதாடவும் செய்தார். தோற்றுப்போன மக்களின் வரலாற்றைத் தோற்கடித்தவன் நூலகத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைத்தார். துக்காசின் வெறுப்பும் மெய். தலைநகரில் ஆயிரக்கணக்கானோர் கயிற்றில் பிணைக்கப்பட்டு அடிமைகளாக விற்கப்பட்டதை அந்த வெறுப்பு மறைக்காமல் சொல்லிற்று.

இன்னொன்றும் நினைவிற்கொள்ள வேண்டும். கிரேக்கர் எல்லோரும் துருக்கியரையே முதற்பகையாகக் கருதவில்லை. 1204இல் சிலுவைப் போர் என்று புறப்பட்டு வந்த மேலை நாட்டுக் கிறித்தவரே கான்ஸ்டாண்டிநோபிளைச் சூறையாடினர். அந்தப் புண் ஆறவில்லை. உரோமாபுரிக் குருவின் முடியை நகரில் காண்பதினும் துருக்கியனின் தலைப்பாகையைக் காண்பது மேல் என்று பேரரசின் உயர் அமைச்சர் நொத்தராஸ் கூறியதாகத் துக்காசே எழுதுகிறார். நகரம் வீழ்ந்த சில நாள்களில் அந்த நொத்தராஸ் தம் மக்களோடு சுல்தான் ஆணையால் கொல்லப்பட்டார். உரோமாபுரியோடு இணைவதை அவ்வாறே எதிர்த்த துறவி கென்னாதியோசோ அடிமையாகக் கொண்டுபோகப்பட்டு, தேடிக் கண்டுபிடிக்கப்பட்டு, 1454 சனவரியில் கிரேக்கத் திருச்சபையின் தலைமைக் குருவாக அமர்த்தப்பட்டார். ஒரே கருத்துடைய இருவருள் ஒருவருக்குக் கொலைவாள், மற்றவருக்குக் குருபீடம்.

யூதர் நிலையும் இத்தகையதே. எதிர்னேயில் வாழ்ந்த ஈசாக் சர்பாத்தி என்னும் யூதகுரு, ஐரோப்பாவில் துன்புற்ற தம் இனத்தாருக்கு எழுதிய மடல் ஒன்று உண்டு. துருக்கிய நாட்டில் குறையொன்றுமில்லை, அச்சமின்றி வாழலாம், வாருங்கள் என்று அழைத்தார். இம்மடலை மட்டும் படிப்பவருக்குச் சுல்தான் ஒரு புகலிடம். ஆனால் நெடுங்காலமாக அந்நாட்டிலேயே வாழ்ந்த கிரேக்க மொழி பேசும் யூதர்களை, வெறிச்சோடிக் கிடந்த தலைநகரை நிரப்புவதற்காக, ஊர் ஊராகப் பெயர்த்துக் கொண்டுவந்து குடியமர்த்தியவனும் அவனே. இதற்குச் ‘சுர்குன்’ என்று பெயர். அரசு ஆணையிட்டால் வீடும் கடையும் விட்டுக் கிளம்ப வேண்டும். புதிய இடத்திலிருந்து இசைவின்றி நகரக் கூடாது. பிற்கால வரிப் பதிவேடுகளில் இஸ்தான்புல் யூதர்கள், கட்டாயமாகக் கொணரப்பட்டோர், தாமாக வந்தோர் என்று இருவேறு வகையினராகவே எழுதப்பட்டனர். தாமாக வந்தவன் வாழ்த்தினான். இழுத்து வரப்பட்டவன் புலம்பினான்.

இதில் முஸ்லிம்களுக்கும் விலக்கு இருந்ததில்லை. அனத்தோலியாவின் கரமான் நாட்டை வென்றபின் அங்கிருந்தும் குடும்பங்களைப் பெயர்த்தனர். அப்போது தலைமை அமைச்சராக இருந்த மஹ்மூத் பாஷாவின்மேல் ஒரு குற்றச்சாட்டு எழுந்தது: செல்வரை விட்டுவிட்டு ஏழைகளையே பட்டியலில் சேர்த்தார் என்று. அது பகைவர் கட்டிவிட்டதாகவும் இருக்கலாம். ஆயினும், பெயர்க்கும் வேலை எங்கே நடந்தாலும் பட்டியலில் எவர் பெயர் முதலில் ஏறும் என்பதை இந்த அவையில் இருப்பவர்க்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

அடுத்து ஒரு செர்பியர். கான்ஸ்டன்டின் மிஹைலோவிச் என்பது அவர் பெயர். செர்பிய நாட்டு அரசன் அப்போது சுல்தானுக்குக் கீழ்ப்பட்டவன். படை அனுப்பக் கடமைப்பட்டவன். 1453இல் அவ்வாறு அனுப்பப்பட்ட 1,500 குதிரை வீரர்களோடு தாமும் இருந்ததாகக் கான்ஸ்டன்டின் எழுதுகிறார். கிறித்தவத் தலைநகரை வீழ்த்துவதற்கே அழைத்துச் செல்லப்படுகிறோம் என்பது பாதி வழியில்தான் அவர்களுக்குத் தெரிந்ததாம். திரும்பினால் தம் நாடே அழியும் என்று அஞ்சிச் சென்றார்கள். இரண்டே ஆண்டுகள் கழிந்தன. அதே சுல்தான் வெள்ளிச் சுரங்கங்களால் செழித்த நோவோ பிர்தோ என்னும் செர்பிய நகரை முற்றுகையிட்டு, 1455 சூன் மாதத்தில் பணிய வைத்தான். நகரக் கதவுகளை மூடிவிட்டு ஒரு சிறு வாயிலை மட்டும் திறந்து வைத்து, எல்லோரையும் அதன் வழியே வரச்செய்து, ஆடவரை ஒருபுறமும் பெண்டிரை ஒருபுறமும் சிறுவரை ஒருபுறமும் பிரித்தனராம். தலைவர்களின் தலைகள் விழுந்தன. 320 சிறுவர் தேர்ந்தெடுக்கப்பட்டனர். அவர்களோடு கான்ஸ்டன்டினும் அவருடைய இரு தம்பியரும் கொண்டுபோகப்பட்டனர். வழியில் தப்பி ஓடிப் பிடிபட்டு அடியுண்டனர்.

பின்னர் அவர் ஜானிசரிப் படையோடு எட்டு ஆண்டுகள் இருந்தார். 1463இல் போஸ்னியாவில் ஒரு கோட்டைக் காவலில் இருந்தபோது அங்கேரியர் அதைப் பிடித்தனர். அவர் தம் சமயத்தாரிடம் மீண்டார். முதுமையில் தம் நினைவுகளை எழுதினார். போலிய மொழியிலும் செக் மொழியிலும் அவை நமக்குக் கிடைத்துள்ளன.

வெறுப்பதற்கு எல்லாக் காரணமும் உடைய மனிதர் இவர். ஐரோப்பிய மன்னர்களெல்லாம் ஒன்றுகூடித் துருக்கியரை விரட்ட வேண்டும் என்பதே நூலின் நோக்கம். ஆயினும் கண்டதை மறைக்க அவருக்கு மனம் வரவில்லை. துருக்கியர் தம்முள்ளும் தம்மிடம் பணிந்தவரிடத்தும் நீதி தவறாது நடக்கின்றனர் என்று எழுதுகிறார். படை செல்லும் வழியில் பயிரை மிதிக்கக் கூடாது, உழவன் பொருளைக் காசு கொடாது தொடக் கூடாது என்பது கட்டளை. ஏழைப் பெண்ணொருத்தி, படைவீரன் ஒருவன் தன் பாலைக் குடித்துவிட்டான் என்று முறையிட, அவன் வயிற்றைக் கிழித்துப் பார்த்த கதையையும் சொல்கிறார். நீதியா கொடுமையா என்று பிரித்தறிய முடியாத கதை.

1461இல் கருங்கடற்கரைத் திரெபிசாந்து நகர்மேல் படை சென்றபோது மலைப்பாதையில் மழையும் சேறும். கருவூலப் பேழை சுமந்த ஒட்டகம் ஒன்று சரிந்து பொற்காசுகள் சிதறின. காவலர் வாளுருவி நிற்க, பின்னால் வந்த படை முழுவதும் தேங்கிவிட்டது. சுல்தான் வந்தான். எடுக்க முடிந்தவன் எடுத்துக்கொள்ளட்டும், படை நகர வேண்டும் என்று ஆணையிட்டான். தாமும் ஓடிச் சென்றதாகவும், சென்றபோது மண்தான் மிஞ்சியிருந்ததாகவும் கான்ஸ்டன்டின் எழுதுகிறார். பிள்ளைகளை ஊரிலிருந்து பறித்தவனிடம் வீரர்கள் ஏன் உயிரைக் கொடுத்துப் போரிட்டனர் என்பதற்கு அந்தச் சேற்றில் ஒரு விடை கிடைக்கிறது.

இப்போது நாம் முதன்மையாகச் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறோம். அது போஸ்னியா.

போஸ்னியாவின் கடைசி அரசன் ஸ்தெபான் தொமாசெவிச். தன் நாட்டின்மேல் படை வரப்போவதை உணர்ந்து போப்பாண்டவர் இரண்டாம் பயசிடம் உதவி கேட்டுத் தூதனுப்பினான். அந்தத் தூதின் சாரத்தைப் போப்பாண்டவர் தம் வரலாற்றுக் குறிப்புகளில் பதிந்து வைத்திருக்கிறார். அதில் ஒரு செய்தி: துருக்கியர் என் நாட்டில் கோட்டைகள் கட்டிக்கொண்டு உழவர்களிடம் இனிமையாக நடக்கின்றனர், தம் பக்கம் வருவோருக்கு விடுதலை தருவதாகச் சொல்கின்றனர், அறிவு குறைந்த பட்டிக்காட்டார் இதன் சூழ்ச்சியை உணராமல் அந்த விடுதலை என்றும் நிலைக்கும் என்று நம்புகின்றனர் என்று அரசன் முறையிட்டான்.

தோழர்களே, இச்சொற்களை நாம் பலமுறை படித்தோம். பட்டிக்காட்டாரின் அறிவுக் குறையைப் பற்றி அரசன் பேசுகிறான். அவர்கள் எதிலிருந்து விடுதலை நாடினர் என்பதைப் பற்றி அவன் வாய் திறக்கவில்லை.

அதை அறிய அண்டை நாடான செர்பியாவின் சட்டத்தைப் பார்க்கலாம். 1349இல் பேரரசன் துஷான் வெளியிட்ட சட்டத் தொகுப்பின்படி, குடியானவன் நிலக்கிழாருக்கு வாரந்தோறும் இரண்டு நாள் ஊதியமின்றி உழைக்க வேண்டும். அதற்கு மேல் வைக்கோல் அறுக்க ஒரு நாள், திராட்சைத் தோட்டத்தில் ஒரு நாள். கூட்டிப் பாருங்கள், ஆண்டில் நூறு நாளுக்கு மேல். ஊதியமில்லா இவ்வுழைப்புக்கு நம் மொழியில் வெட்டி என்று பெயர். சோழர் கல்வெட்டுகளிலேயே காணப்படும் சொல் அது. அதன் பொருளை நம் பாட்டன்மார் கல்வெட்டைப் படித்து அறிந்துகொள்ளவில்லை.

உதுமானியத் துருக்கியர் ஏற்பாடு வேறு. நிலம் பெரும்பாலும் அரசுக்கு உரியது. அதன் வரியைப் பெறும் உரிமை குதிரை வீரனான ‘சிபாஹி’க்கு, போருக்கு வரவேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு அளிக்கப்பட்டது. நம் சிப்பாய் என்னும் சொல்லும் இதே பாரசீகச் சொல்லிலிருந்து வந்ததே. முழு ஏர் நிலமுடைய முஸ்லிம் குடியானவன் ஆண்டுக்கு 22 அக்சே கொடுத்தான். அக்சே என்பது சிறு வெள்ளிக்காசு. இந்த 22 அக்சே, பழைய உழைப்புக் கடமைகளைக் காசாக மாற்றிய தொகையே என்று துருக்கிய வரலாற்றறிஞர் ஹலீல் இனால்ஜிக் எடுத்துக்காட்டினார். 3 நாள் உழைப்புக்கு 3 அக்சே. எஞ்சியவை வைக்கோல், விறகு, வண்டி ஆகியவற்றுக்கு. கிறித்தவக் குடியானவன் அதற்குப் பதிலாக 25 அக்சே கொடுத்தான். விளைச்சலில் ஒரு பங்கும், முஸ்லிம் அல்லாதார்க்கு உரிய தலைவரியும் தனி. ஆயினும், வாரத்துக்கு இரண்டு நாள் என்பதோடு ஆண்டுக்கு மூன்று நாள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். போஸ்னிய உழவன் மூடனாகத்தான் இருந்தானா?

உடனே நாம் சுல்தானை ஏழைகளின் காவலன் என்று கொண்டாடத் தொடங்கிவிடக் கூடாது. அரசன் கூற்றில் ஒரு பாதி பலித்தது. நிலத்தை விட்டு வேறிடம் போன குடியானவனைத் திரும்ப இழுத்து வரச் சிபாஹிக்கு உரிமை இருந்தது. உழாமல் விட்டதற்குத் தண்ட வரியும் இருந்தது. கிறித்தவச் சிற்றூர்களிலிருந்து சிறுவர்களைத் திரட்டிக் கொண்டுபோகும் ‘தெவ்ஷிர்மே’ முறையும் இருந்தது. அவ்வாறு சென்றவருள் சிலர் அமைச்சர்களாயினர் என்று எழுதுவோர் உண்டு. மெய்தான். ஆனால் அவன் அமைச்சனான செய்தி தாய்க்கு எட்டிற்றா என்பதை அவர்கள் எழுதுவதில்லை. கான்ஸ்டாண்டிநோபிளின் எதிர்க்கரையிலிருந்த கலாத்தாவின் ஜெனோவா வணிகர், நகரம் வீழ்ந்த மூன்றாம் நாளே பெற்ற உறுதிப் பத்திரத்தில், தம் பிள்ளைகளை ஜானிசரிகளாக எடுக்கலாகாது என்னும் விதியைச் சேர்த்துக்கொண்டனர். செல்வமும் எழுத்தும் உடையவன் எதற்கு முதலில் அஞ்சினான் என்பது அதனால் விளங்கும். அத்தகைய பத்திரம் உழவனிடம் இல்லை.

பத்திரம் இருந்தாலும் எல்லார்க்கும் அது ஒன்றுபோல் பயன்பட்டதா? 1463இல் போஸ்னியா வீழ்ந்தது. அரசன் ஸ்தெபான் கிளியூச் கோட்டையில் முற்றுகையிடப்பட்டான். பணிந்தால் உயிருக்குத் தீங்கில்லை என்று மஹ்மூத் பாஷா எழுதிக் கொடுத்த உறுதியை நம்பி வெளிவந்தான். சுல்தானோ அந்த உறுதி தன்னைக் கட்டாது என்று ஓர் அறிஞரிடம் ஃபத்வா பெற்று அவன் தலையை வெட்டுவித்தான். அதே ஆண்டில், அதே நாட்டில், பிரான்சிஸ்கன் துறவி ஆஞ்செலோ ஸ்விஸ்தோவிச் சுல்தானைக் கண்டு, தம் திருச்சபைக்கும் மக்களுக்கும் தீங்கு நேராது என்னும் ஆணையைப் பெற்றார். பொய்னித்சா மடத்தில் இன்றுள்ள ஓலை பிற்காலப் படி என்று ஆய்வாளர் கருதுகின்றனர். ஆனால் துறவியர் அந்த நாட்டில் தொடர்ந்து வாழ்ந்தனர், அந்த ஆணையைக் காட்டிக்காட்டியே நூற்றாண்டுகளைக் கடந்தனர். அரசனுக்குக் கொடுத்த சொல் காற்றில் போயிற்று. துறவிக்குக் கொடுத்த சொல் நின்றது. சுல்தானுக்கு அரசன் தேவைப்படவில்லை. வரி கட்டும் குடிகளை அமைதியாக வைத்திருக்கத் துறவி தேவைப்பட்டார். இது நம் கணிப்பு.

கிழக்கு எல்லையிலிருந்த அயலார் பார்வையையும் சிறிது சொல்லிவிடுகிறோம். அங்கே அக் கொயுன்லு துருக்மானியர் தலைவன் உசுன் ஹசன் ஆண்டான். அவன் மனைவி திரெபிசாந்துக் கிரேக்க அரச குடும்பத்துப் பெண். அந்நகர்மேல் படை சென்றபோது, உசுன் ஹசனின் தாய் சாரா காத்தூன் தூதாகச் சென்று சுல்தானோடு உடன் நடந்தாள். செங்குத்து மலையில் அவன் கால்நடையாக ஏறுவதைக் கண்டு, மகனே, ஒரு திரெபிசாந்துக்காக இவ்வளவு பாடா என்று கேட்டாளாம். இப்பாடு நகருக்காக அன்று, இறைவன் வழிக்காக என்று அவன் விடையிறுத்தானாம். சொல்பவர் துருக்கிய ஆசிரியர். அந்தத் தாயின் மருமகள் ஒரு நூல் எழுதியிருந்தால் இக்கதை வேறாக இருந்திருக்கும். 1473இல் உசுன் ஹசனும் தோற்றான்.

மேற்கே வெனிசு. பதினாறு ஆண்டுகள் சுல்தானோடு போரிட்டது. அவனை நஞ்சிட்டுக் கொல்ல வந்த திட்டங்கள் பலவற்றுக்கு மறைவில் இசைந்தது. 1479இல் உடன்படிக்கை ஆனவுடன், தன் சிறந்த ஓவியர் ஜென்தீலே பெல்லீனியை அவனுக்குப் படம் வரைய அனுப்பி வைத்தது. கூரிய மூக்கும் களைத்த கண்களுமாக உள்ள அந்தப் படத்தில் 1480 நவம்பர் 25 என்று நாள் எழுதப்பட்டிருக்கிறது. நம் பாடநூல்களில் வரும் சுல்தானின் முகம் பெரும்பாலும் அதுவே. அவ்வாண்டின் கோடையில்தான் அவன் படை இத்தாலியக் கரையில் ஒத்ராந்தோ நகரைப் பிடித்து 800 பேர் அளவில் வெட்டிக் கொன்றது. அவர்களைப் புனிதர்களாக 2013இல் போப்பாண்டவர் பிரான்சிசு அறிவித்தார்.

1481இல் அவன் இறந்த செய்தி வெனிசை அடைந்தபோது, பெரிய கழுகு செத்தது என்று தூதன் கூவினானாம். உரோமாபுரியில் கொண்டாட்டம். அவன் சொந்தத் தலைநகரிலோ ஜானிசரிகள் தெருவில் இறங்கித் தலைமை அமைச்சரைக் கொன்றனர். கடைசி ஆண்டுகளில் போர்ச் செலவுக்காக, பழைய குடும்பங்களும் முஸ்லிம் அறநிலையங்களும் வைத்திருந்த ஆயிரக்கணக்கான சிற்றூர்களை அவன் அரசுடைமையாக்கியிருந்தான். பழைய காசைத் திரும்பப் பெற்று எடை குறைந்த புதுக்காசைப் பலமுறை வெளியிட்டிருந்தான். நிலமிழந்தவர்கள் அவன் மகன் இரண்டாம் பாயசீதிடம் முறையிட்டு மிகுதியானவற்றைத் திரும்பப் பெற்றனர். அக்காலத் துருக்கிய ஆசிரியர் அஷீக்பாஷாசாதே, தலைநகரில் குடியேற வந்தவர்க்குக் கொடுத்த வீடுகளுக்கே பின்னர் வாடகை கேட்டதைக் கசப்போடு எழுதியிருக்கிறார். வென்றவன் இனத்தார்க்கும் அவன் எல்லா நாளும் வெற்றி வீரனாகத் தோன்றவில்லை.

இதுவரை நாம் அழைத்த சான்றாளர் எவர்? ஆளுநர், தூதர், குரு, படைவீரர், அரசன், துறவி, அரசமாதா. போஸ்னிய உழவனை நேரில் பேசக் கேட்டோமா? இல்லை. அவனைப் பற்றி அவன் அரசன் சொன்னதைக் கேட்டோம், வரிக்கணக்கைப் பார்த்தோம். நோவோ பிர்தோவின் சிறு வாயிலில் நிறுத்தப்பட்ட பெண்டிருள் ஒருத்தியும் எழுதவில்லை. நம்மைப் பற்றியும் பிறரே எழுதிய காலம் மிக நீண்டது என்பதால், அந்த வாயிலைக் கடக்கையில் நம் மனம் சற்றே நின்றுவிடுகிறது. நம் கழகத்தின் இரவுப் பாடங்களில் எழுத்துக் கூட்டிப் படித்தவர் பலர் இந்த அவையில் இருக்கிறீர்கள். உங்கள் வீட்டுப் பாட்டி சொல்வதைக் குறித்து வைத்தீர்களா என்று கேட்கவே விரும்புகிறோம்.

எழுதாத அம்மக்களின் சுவடு ஓரிடத்தில் உள்ளது. துருக்கியர் ஒரு நாட்டைக் கைக்கொண்டதும் ஊர் ஊராகக் கணக்கெடுப்பர். செர்பியாவில் பிராங்கோவிச் குடும்பத்தார் ஆண்ட பகுதிக்கு 1455இல் எழுதிய பதிவேடு அழியாமல் கிடைத்து, 1972இல் சரயேவோ நகரில் அச்சாயிற்று. நோவோ பிர்தோ வீழ்ந்த அதே ஆண்டு. ஊர்ப்பெயர், அதன்கீழ் குடும்பத் தலைவர்கள், இன்னாருடைய மகன், இன்னாருடைய உடன்பிறந்தான் என்று ஒவ்வொருவராக, மணமாகாத ஆடவர், இறுதியில் கைம்பெண்கள். ஆடவனுக்கு 25 அக்சே, கைம்பெண்ணுக்கு 6 அக்சே என்பது இத்தகைய பதிவேடுகளின் முறை. கணக்கெழுதிய துருக்கியன் தன் எழுத்தில் அந்த ஸ்லாவியப் பெயர்களைக் காதில் விழுந்தவாறு எழுதி வைத்தான். அரசன் ஸ்தெபான் மூடர் என்று ஒதுக்கிய வகுப்பினர், வரிக்காகவேனும், பெயரோடு எழுதப்பட்டிருக்கிறார்கள். சுல்தானைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தனர் என்பதற்கு மட்டும் அந்தப் பதிவேட்டில் பத்தி இல்லை.